சீட் போஸ்ட் இறங்கிக்கொண்டே இருக்கிறதா? போல்ட்டை இறுக்கும் முன் அளந்து பாருங்கள்

பழைய சைக்கிள் ஒன்றை வாங்கிய முதல் வாரத்திலேயே, சீட்டைத் தாங்கி நிற்கும் குழாயான சீட் போஸ்ட்டில் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. கிளம்பும்போது சீட் சரியான உயரத்தில் இருக்கும். அரை மணி நேரம் மிதித்தபின் முழங்கால் வழக்கத்தைவிட அதிகமாக மடங்குவது தெரியும். இறங்கிப் பார்த்தால் சீட் ஒரு விரற்கடை கீழே போயிருக்கும். மறுபடி உயர்த்தி, போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குவேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. அதற்குள் ஒரு போல்ட்டின் மரை தேய்ந்து போனது, போஸ்ட்டைப் பிரேமோடு இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப்பைப் புதிதாக வாங்கியிருந்தேன், அதுவும் வளைந்தது. கடைசியில் போஸ்ட்டை முழுதாக வெளியே எடுத்துத் துடைத்தபோது, அடிப்பகுதியில் அதன் விட்டம் மில்லிமீட்டரில் 26.8 என்று பொறித்திருப்பது தெரிந்தது. என் பிரேமுக்கு வேண்டியது 27.2. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்காகத்தான் அத்தனை பாடும்.

முதல் நாளே பத்து நிமிடம் ஒதுக்கி அளந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். செலவில்லாத வேலைகள் முதலிலும் செலவுள்ளவை பின்னாலும் வருகின்றன.

1. ஆடுவது எது என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

சீட் ஆடினால் குற்றம் போஸ்ட்டில்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, சீட்டின் மூக்கையும் பின்பக்கத்தையும் இரண்டு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். போஸ்ட் நிலையாக இருந்து சீட் மட்டும் தலையாட்டினால், சீட்டின் அடிக்கம்பிகளைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. அந்த போல்ட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையில்லை.

போஸ்ட்டும் சேர்ந்து அசைந்தால், அது பிரேமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு விரலை வையுங்கள். பாதி விரல் போஸ்ட்டிலும் பாதி விரல் பிரேமிலும் படவேண்டும். இன்னொரு கையால் சீட்டை முன்னும் பின்னும் அசைத்தால், இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய ஆட்டம் இருந்தாலும் விரல் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணை நம்புவதைவிட இது மேல்.

ஆட்டம் எதுவும் இல்லாமல், ஓட்டும்போது மட்டும் சீட் மெல்ல இறங்கினாலோ பக்கவாட்டில் திரும்பினாலோ அது பிடிமானக் குறை. அளவு சரியாக இருந்தும் கிளாம்ப் வேலை செய்யாமல் இருக்கலாம். இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள்: ஆடினால் அளவைச் சந்தேகப்படுங்கள், ஆடாமல் இறங்கினால் முதலில் கிளாம்ப்பைச் சந்தேகப்படுங்கள்.

நெம்புகோலை அழுத்தி உயரத்தை மாற்றும் டிராப்பர் வகைப் போஸ்ட்டாக இருந்தால், உள்ளே நகரும் பகுதியில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பே. அதைப் பிரேமில் உள்ள ஆட்டம் என்று நினைத்து கிளாம்ப்பை இறுக்கினால் போஸ்ட் நகராமல் சிக்கிக்கொள்ளும்.

2. உயரத்தைக் குறித்துக்கொண்டு வெளியே எடுங்கள்

பெடல் தண்டு சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை அளந்து எழுதிவையுங்கள். போஸ்ட் பிரேமுக்குள் போகும் இடத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். பிறகு கிளாம்ப்பைத் தளர்த்தி, சீட்டை இடமும் வலமுமாகத் திருப்பியபடி மேலே இழுங்கள்.

வெளியே வந்த போஸ்ட்டில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, விட்டத்தின் அளவு. பெரும்பாலும் அடிப்பகுதியில் 25.4, 26.8, 27.2, 30.9, 31.6 என்பதுபோல ஓர் எண் பொறித்திருக்கும். பழைய கிரீஸுக்கு அடியில் மறைந்திருக்கலாம். துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரண்டாவது, குறைந்தபட்சம் இவ்வளவு உள்ளே இருக்கவேண்டும் என்று காட்டும் கோடு. நீங்கள் ஒட்டிய டேப் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால், இதுவரை ஆபத்தான உயரத்தில் ஓட்டி வந்திருக்கிறீர்கள் என்று பொருள். ஆட்டத்துக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அளவு சரியாக இருந்தாலும், உள்ளே போதிய நீளம் இல்லாத போஸ்ட் நெம்புகோல் போல வேலை செய்து பிரேமின் வாயை விரிக்கும். அப்படியானால் உங்களுக்குத் தேவை இடைவெளியை நிரப்பும் உறையான ஷிம் அல்ல, நீளமான போஸ்ட்.

கோடு உள்ளே இருந்தால் மட்டும் போதாது. பிரேமின் மேல் குழாய் வந்து சேரும் இணைப்பின் அடிவிளிம்பைத் தாண்டியும் போஸ்ட் இறங்கியிருக்க வேண்டும். போஸ்ட் நுழையும் சீட் குழாய், மேல் குழாய்க்கு மேலே நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் பிரேம்களில் இதைப் பலரும் கவனிப்பதில்லை.

3. விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்

சீட் குழாயின் உச்சியில், கிளாம்ப் இறுகுவதற்காக ஒரு பிளவு வெட்டியிருப்பார்கள். அந்தப் பிளவு முடியும் இடத்தை நன்றாகத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை போன்ற கோடு பிளவின் அடியிலிருந்து கிளம்பியிருந்தால் அது பெயிண்ட் கீறல்தானா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, பிரேம் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். விரிசல் விட்ட பிரேமில் எந்தப் போஸ்ட்டைப் போட்டாலும் பயனில்லை. போஸ்ட்டிலும் இதேபோல, கிளாம்ப் பிடிக்கும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். ஆழமான வளையத் தழும்பு, வளைவு, கார்பன் ஃபைபர் என்றால் நார் பிரிதல் என்று எது இருந்தாலும் அந்தப் போஸ்ட்டைக் கழித்துவிடுங்கள்.

4. செலவில்லாத வைத்தியம்: துடைத்து மாட்டுங்கள்

இதற்கு இருபது நிமிடம் போதும். குழாயின் உட்புறத்தைக் குச்சியில் சுற்றிய துணியால் துடையுங்கள். போஸ்ட்டையும் கிளாம்ப்பின் உட்பக்கத்தையும் துடையுங்கள். பிளவின் ஓரத்தில் பிசிறு இருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் மெதுவாக எடுங்கள். போல்ட்டைக் கழற்றி அதன் மரையிலும் தலையின் அடிப்பகுதியிலும் துளி கிரீஸ் தடவுங்கள். காய்ந்த போல்ட் இறுகிவிட்டதுபோலக் கைக்குத் தோன்றும். உண்மையில் நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி மரையின் உராய்வுக்கே போய்விடுகிறது, கிளாம்ப்புக்குப் போய்ச் சேருவதில்லை. இறுகாத கிளாம்ப் பலவற்றுக்கு இந்தத் துளி கிரீஸே மருந்து.

அடுத்து, போஸ்ட்டில் எதைத் தடவுவது? தவறு அதிகம் நடப்பது இங்கேதான். போஸ்ட்டும் பிரேமும் இரண்டுமே உலோகம் என்றால் மெல்லிய படலமாகக் கிரீஸ். வழுக்கும் என்று பயந்து கிரீஸ் இல்லாமல் போட்டால், இரும்புப் பிரேமுக்குள் அலுமினியப் போஸ்ட் சில ஆண்டுகளில் அரித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதை வெளியே எடுக்கப் பிரேமையே வெட்டவேண்டிய நிலைகூட வரலாம். இரண்டில் ஒன்று கார்பன் ஃபைபர் என்றால் கிரீஸ் கூடாது. அதற்கென்று நுண்மணல் கலந்த பிடிமானப் பேஸ்ட் விற்கிறார்கள், அதைத் தடவுங்கள். உலோகப் போஸ்ட் இறங்கினாலும் இந்தப் பேஸ்ட் உதவும். ஆனால் உலோகத்தில் கீறல் விழும், துருவையும் அது தடுக்காது. அளவு சரியாக இருந்தும் வழுக்குகிற போஸ்ட்டுக்குத்தான் அது மருந்து. நான் அளவு தவறிய போஸ்ட்டில் அதைத் தடவிவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தேன். எதுவும் மாறவில்லை.

கிளாம்ப்பையும் பாருங்கள். இறுக்கிய நிலையில் அதன் இரண்டு காதுகளும், அதாவது போல்ட் நுழையும் முனைகளும், ஒன்றையொன்று தொட்டுவிட்டால், அதற்குமேல் எவ்வளவு இறுக்கினாலும் போஸ்ட்டில் பிடி ஏறாது. கிளாம்ப் பெரியது, அல்லது போஸ்ட் சிறியது. நெம்புகோல் வகைக் கிளாம்ப் என்றால், நெம்புகோல் பாதி தூரம் வரும்போதே எதிர்ப்புத் தெரியவேண்டும், மூடி முடிக்கும்போது உள்ளங்கையில் தடம் பதியவேண்டும்.

5. அளந்து பாருங்கள்

மேலே சொன்னவற்றைச் செய்தும் ஆட்டம் போகவில்லை என்றால் அளவுதான் பிரச்சினை. சீட் போஸ்ட்டுகள் பெரும்பாலும் 0.2 மி.மீ. இடைவெளியில் பல அளவுகளில் வருகின்றன: 26.4, 26.6, 26.8, 27.0, 27.2 என்று. கைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். இவற்றை ஸ்கேலால் அளந்து வேறுபடுத்த முடியாது. விட்டத்தை நுட்பமாக அளக்கும் தாடைகள் கொண்ட கருவியான வெர்னியர் காலிப்பர் வேண்டும். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, பட்டறைகளில் இருக்கும், இரவல் கேளுங்கள்.

போஸ்ட்டை அளப்பது எளிது. தேய்ந்த இடத்தை விட்டுவிட்டு, வெவ்வேறு மூன்று இடங்களில் அளந்தால் பொறித்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போகும். ஒத்துப்போகாவிட்டால் காலிப்பரில் வந்த அளவை நம்புங்கள்.

குழாயின் உள்விட்டத்தை அளப்பதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. சிறிய போஸ்ட்டைப் போட்டு மாதக்கணக்கில் இறுக்கியிருந்தால் குழாயின் வாய் உள்பக்கமாகக் குவிந்திருக்கும். காலிப்பரின் உள்தாடைகள் ஆழமாக இறங்காது. அவை குவிந்த வாயைத்தான் அளக்கும், அளவு குறைவாகக் காட்டும். என் பிரேமின் வாய் முதலில் 26.9 என்றது. அதை நம்பி 26.8 போஸ்ட் சரிதான் என்று இன்னும் ஒரு வாரம் வீணடித்தேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கிளாம்ப்பை முழுதாகக் கழற்றிவிட்டுப் பிளவைப் பாருங்கள். அதன் இரண்டு ஓரங்களும் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளியில் இருக்கவேண்டும். மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் வாய் குவிந்துவிட்டது. அப்போது நீங்கள் எடுத்த அளவு செல்லாது. முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் இரண்டு முறை அளந்து, இரண்டும் வேறுபட்டால் குழாய் நீள்வட்டமாகிவிட்டது என்றும் தெரிந்துகொள்ளலாம்.

உறுதியான விடை வேண்டுமென்றால் சைக்கிளின் கையேட்டைப் புரட்டுங்கள். கையேடு இல்லை என்றால், பிரேம் தயாரிப்பாளரின் விவரப்பட்டியலில் மாடல் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடினால் சீட் போஸ்ட் விட்டம் இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால், நல்ல சைக்கிள் பட்டறைகளில் படிப்படியாகப் பருக்கும் ஓர் அளவுகோல் வைத்திருப்பார்கள். அதைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சரியான அளவுப் போஸ்ட்டை இப்படி அறியலாம்: கிளாம்ப்பே இல்லாத நிலையில், கிரீஸ் தடவிய போஸ்ட் கையால் தள்ள மெல்லிய எதிர்ப்போடு இறங்கும், உள்ளே போனபின் ஆடாது.

வாங்கப் போகும் முன் ஓர் எச்சரிக்கை. கிளாம்ப்பின் அளவும் போஸ்ட்டின் அளவும் ஒன்றல்ல. கிளாம்ப் பிடிப்பது குழாயின் வெளிவிட்டத்தை, போஸ்ட் பொருந்துவது உள்விட்டத்தில். 27.2 போஸ்ட் போகும் பிரேமுக்கு 28.6 கிளாம்ப்போ 31.8 கிளாம்ப்போ தேவைப்படலாம். 31.8 கிளாம்ப் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 31.6 போஸ்ட் வாங்கி வருவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. இரண்டு எண்களையும் தனித்தனியாக எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே பழைய போஸ்ட்டையும் கொண்டுபோங்கள்.

6. எதை வாங்குவது?

வித்தியாசம் 0.2 முதல் 0.6 மி.மீ.வரை என்றால் சரியான அளவில் புதிய போஸ்ட் வாங்குங்கள். இவ்வளவு மெல்லிய ஷிம் கடையில் கிடைப்பது அரிது. சாதாரண அலுமினியப் போஸ்ட் அதிக விலையுள்ள பொருளும் அல்ல. நான் வீணாக்கிய கிளாம்ப், போல்ட், பேஸ்ட் மூன்றுக்கும் ஆன செலவைக் கூட்டினால் ஒரு நல்ல போஸ்ட்டே வந்திருக்கும்.

வித்தியாசம் பெரியது, உதாரணமாக 31.6 பிரேமில் 27.2 போஸ்ட் என்றால், அதற்கென்று செய்த அலுமினிய ஷிம் வாங்கலாம். இது ஒரு பக்கம் பிளந்த உறை. மேலே சிறிய விளிம்பு இருக்கும், அது குழாயின் வாயில் உட்கார்ந்து ஷிம் உள்ளே விழாமல் தடுக்கும். வாங்கும்போது உள் அளவு, வெளி அளவு இரண்டையும் பாருங்கள். 30.9 ஷிம்மை 31.6 பிரேமில் போட்டால் பழைய கதைதான். நீளம் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் இருக்கட்டும். குட்டையான ஷிம் உச்சியை மட்டும் தாங்கும், கீழ்ப்பகுதி உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும். இந்த வேலைக்கான செலவுகளில் இதுதான் ஆகக் குறைந்தது.

சிலர் காகிதம், துணி, ரப்பர் டியூப் துண்டு, மின்டேப் எல்லாம் சுற்றச் சொல்வார்கள். எதையும் செய்யாதீர்கள். இவை அழுந்தும், தண்ணீரை உறிஞ்சும், மழைக்குப்பின் துருவை வரவழைக்கும். போஸ்ட்டைச் சுத்தியலாலும் உளியாலும் கொத்திச் சொரசொரப்பாக்குவதும் கூடாது. கொத்திய இடத்திலிருந்துதான் போஸ்ட் முறியும்.

7. புதியது வரும்வரை: பானக் குவளைத் தகடு

புதிய போஸ்ட் வந்துசேரச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை சைக்கிள் வேண்டும் என்றால், நம்பத்தகுந்த ஒரு தற்காலிக வழி இருக்கிறது. குளிர்பானம் வரும் அலுமினியக் குவளையின் பக்கச்சுவர் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். போஸ்ட்டைச் சுற்றி ஒரு சுற்று வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டம் 0.2 மி.மீ. கூடும். அதாவது 27.0 போஸ்ட் 27.2 ஆகிவிடும். எனக்கு இரண்டு சுற்று தேவைப்பட்டது.

குவளையின் தலையையும் அடியையும் வெட்டி எறிந்துவிட்டு, நேரான சுவர்ப்பகுதியை மட்டும் எடுங்கள். ஓரங்கள் கத்திபோல வெட்டும், கட்டாயம் தடித்த கையுறை போடுங்கள். போஸ்ட்டின் சுற்றளவு விட்டத்தைப்போல 3.14 மடங்கு. 27 மி.மீ. போஸ்ட்டுக்குச் சுமார் 85 மி.மீ. வரும். தகட்டை அதைவிட 2 மி.மீ. குறைவாக வெட்டுங்கள். முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் அந்த இடம் மட்டும் தடித்து, போஸ்ட் ஒரு பக்கமாகச் சாயும். உயரம் ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. மேல் விளிம்பில் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சின்னச் சின்னதாக வெட்டி வெளிப்பக்கம் மடக்குங்கள். இந்த மடிப்புகள் குழாயின் வாயில் உட்கார்ந்துகொண்டு தகடு உள்ளே நழுவாமல் தடுக்கும். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, தகட்டின் இரு பக்கமும் மெல்லியதாகக் கிரீஸ் தடவி, முதலில் தகட்டைக் குழாய்க்குள் வையுங்கள். தகட்டின் இடைவெளியும் பிரேமின் பிளவும் ஒரே திசையில் இருக்கட்டும். பிறகு போஸ்ட்டைத் திருப்பித் திருப்பி இறக்குங்கள். தகடு சுருண்டால் வெளியே எடுத்துப் புதிதாக வெட்டுங்கள். சுருண்டதை அடித்து இறக்காதீர்கள். எனக்கு மூன்றாம் முயற்சியில்தான் சரியாக உட்கார்ந்தது. முக்கால் மணி நேரம் ஆனது.

மூன்று சுற்றுக்கு மேல் வேண்டியிருந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள். போஸ்ட்டோ பிரேமோ கார்பன் ஃபைபராக இருந்தாலும் வேண்டாம், தகட்டின் ஓரம் நாரை அறுத்துவிடும்.

8. சரியான போஸ்ட் உள்ளே போகவில்லை என்றால்

எனக்கு இதுதான் நடந்தது. 27.2 போஸ்ட் வந்தது, பிரேமின் வாய் குவிந்திருந்ததால் உச்சியிலேயே தட்டி நின்றது. இங்கே பொறுமை இழந்து சுத்தியலை எடுத்தால் போஸ்ட்டில் நீளக் கீறல் விழும், அல்லது போஸ்ட் பாதியில் சிக்கிக்கொள்ளும். இரும்புப் பிரேம் என்றால் தட்டையான திருப்புளியைப் பிளவுக்குள் வைத்து, இரண்டு ஓரங்களும் இணையாக வரும்வரை சிறுகச் சிறுகத் திருப்பலாம். ஒவ்வொரு முறையும் போஸ்ட்டை விட்டுப் பாருங்கள். இரும்பு இதைத் தாங்கும். அலுமினியமும் கார்பனும் தாங்கா, அவற்றை நீங்கள் தொடாதீர்கள். குழாயின் உட்புறத்தைச் சீராகச் சீவிக் கொடுக்கும் கருவி பட்டறையில் இருக்கும். ஒரு மணி நேரக் கூலி ஆகும், புதிய பிரேமோடு ஒப்பிட்டால் அது செலவே அல்ல. உத்தரவாதக் காலம் முடியாத சைக்கிள் என்றால் சீவவும் தேய்க்கவும் வேண்டாம். ரசீதோடு விற்றவரிடமே கொண்டுபோங்கள். நீங்கள் கை வைத்த அடையாளம் தெரிந்தால் உத்தரவாதத்தை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

9. இறுக்கும் முறை

குறித்து வைத்த உயரத்துக்குப் போஸ்ட்டை இறக்கி, சீட்டின் மூக்கை மேல் குழாய்க்கு நேராக வையுங்கள். கிளாம்ப் குழாயின் உச்சியில் முழுதாக உட்கார்ந்திருக்கவேண்டும். போல்ட்டுக்கு எவ்வளவு விசை என்பதைப் பெரும்பாலும் கிளாம்ப்பிலேயே நியூட்டன் மீட்டரில் பொறித்திருப்பார்கள். உலோகத்துக்கு 5 முதல் 7 என்பது வழக்கமான அளவு, கார்பனுக்கு அதைவிடக் குறையும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கார்பன் என்றால் அது இல்லாமல் இறுக்கவே வேண்டாம்.

உலோகப் போஸ்ட்டுக்கு டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் சாதாரண ஆலன் கீயால் (அறுகோணச் சாவியால்) கால் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, சீட்டைக் கையால் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். அழுத்தித் திருப்பியும் அசையாத இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஆலன் கீயின்மேல் குழாயைச் செருகி நீளமாக்கி இறுக்குவது மட்டும் வேண்டாம். நான் மரையைத் தேய்த்தது அப்படித்தான்.

10. ஓட்டிப் பாருங்கள்

போஸ்ட் பிரேமுக்குள் போகும் விளிம்பில் புதிய டேப் ஒன்று ஒட்டுங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு டேப்பைப் பாருங்கள். அது மடங்கியிருந்தால் போஸ்ட் இறங்கியிருக்கிறது. கால் சுற்று இறுக்கி மறுபடி ஓட்டுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். புதிய ஷிம் முதல் சில நாட்களில் சற்றுப் படிந்து உட்காரும், அப்போது சிறிது இறுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் தொடர்ந்து இறங்கினால், போல்ட்டைத் தொடாமல் ஐந்தாம் படிக்குத் திரும்பி மறுபடி அளந்து பாருங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையும், நன்றாக மழையில் நனைந்த பிறகும் உலோகப் போஸ்ட்டை வெளியே எடுத்துத் துடைத்துப் புதிதாகக் கிரீஸ் தடவி வையுங்கள். அரை மணி நேர வேலை.

கடைசியாக, போஸ்ட்டின் விட்டம், கிளாம்ப்பின் அளவு, சீட்டின் உயரம் மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதி, ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பால் சீட்டின் அடிப்பக்கம் ஒட்டிவையுங்கள். எனக்கு முன்னால் இந்தச் சைக்கிளை வைத்திருந்தவர் அப்படி ஒரு தாளை விட்டுச் சென்றிருந்தால் எனக்கு மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். என் சீட்டுக்கு அடியில் இப்போது இப்படி எழுதியிருக்கிறது: போஸ்ட் 27.2, கிளாம்ப் 28.6, உயரம் 71 செ.மீ.